எட்டாவது கோப்பை

"மிஸ், வைரத்தைத் தண்ணியில ஊறப் போட்டா மொளைக்குமா?"

நோர்வூட் கடைவீதியைத் தாண்டும்போது செல்லசாமி இதைக் கேட்டான். ஆட்டோவின் பின் சீட்டில் யோகேஸ்வரி கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்த வீதியில் அப்படிப் பிடிக்காவிட்டால் பை ஒரு வளைவிலும் ஆள் அடுத்த வளைவிலும் கிடக்க வேண்டியதுதான்.

"றோட்டைப் பாரும், செல்லசாமி."

"றோடு எங்கயும் போகாது மிஸ். இருபது வருசமா பாக்குறேன், அங்கயேதான் கெடக்குது. வைரம்தான் காணாமப் போயிருக்கு."

யோகேஸ்வரிக்கு நாற்பத்தாறு வயது. ஊர் மானிப்பாய். எரிந்த கடை, கவிழ்ந்த லொறி, உடைந்த மெஷின் என்று போய்ப் பார்த்து, ஆட்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று காப்புறுதிக் கம்பனிக்கு எழுதிக் கொடுப்பது அவள் வேலை. ஹட்டனில் அந்த வேலையைப் பதினேழு வருடம் பார்த்ததில் பொய் பிடிக்கிறவள் என்று பெயர் வந்துவிட்டது. கம்பனிக்குச் சம்பந்தமில்லாத கேஸ்களும் வரத் தொடங்கின. செல்லசாமி அவளை ஏற்றிப் போகும் ஆட்டோக்காரன். யாரும் கேட்காமலே உதவியாளனும் ஆகிவிட்டான். சம்பளம் ஆட்டோவுக்கு, வாய் இலவசம்.

இன்றைய கேஸ் காலை ஒன்பதரைக்கு வந்தது. இராஜகுமாரி என்ற பெண் போன் எடுத்தாள். ஒத்தமரத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஜேர்மனியில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். இரண்டு கிழமை லீவில் வந்திருந்தாள். போனில் அழாமல் பேசப் பார்த்தாள், முடியவில்லை.

"மிஸ், நான் ஆராய்ச்சிக்குக் கொண்டாந்த வைரத் துண்டு காணாமப் போயிருச்சிங்க. பெக்டரியில கோப்பை கழுவுற காளியாயி அக்கா எடுத்துட்டாங்கன்னு தோட்டத்துத் தொரை பொலிசுக்குச் சொல்லிட்டாரு. ஜீப் மூணு மணிக்கு வருதாம். பொலிசு கூட்டிட்டுப் போனா அக்காவுக்குப் பேர் வெட்டிருவாங்க. வேலை போனா லயத்து வீட்டையும் எடுத்துக்குவாங்க. என்னால வந்த வினை இது."

ஆட்டோ தொழிற்சாலை வாசலில் நின்றபோது மணி பதினொன்றே முக்கால்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் ஓரத்தில் ஒரு வாங்கில் காளியாயி உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டிய மெலிந்த பெண். பக்கத்தில் காவலுக்கு ஒரு வாச்சர். அவள் ஓடிவிடுவாள் என்று வாச்சருக்கே நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை, அரைத் தூக்கத்தில் இருந்தான். காளியாயி எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இராஜகுமாரி ஓடிவந்து யோகேஸ்வரியையும் செல்லசாமியையும் மாடிக்கு அழைத்துப் போனாள். தேயிலையை ருசி பார்க்கும் அறை அது. வடக்குப் பக்கம் முழுக்க ஜன்னல். ஜன்னலை ஒட்டி வெள்ளைத் தரைக்கல் பதித்த நீளத் திட்டு. மூலையில் ஒரு மேசையில் அவளுடைய கமரா, லப்டொப், சின்ன லேசர் விளக்கு.

"பிள்ளை, முதல்ல உந்த வைரம் எவ்வளவு பெரிசு?" என்றாள் யோகேஸ்வரி.

"ரெண்டு மில்லிமீட்டர் சதுரம் மிஸ். தடிப்பு கடதாசி அளவுதான். மோதிரத்துல வைக்கிற வைரம் இல்லீங்க, ஆய்வுகூடத்துல செஞ்சது. வித்தா ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"அப்ப எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க?" என்றான் செல்லசாமி.

"அது காந்தம் பாக்குற கண்ணு அண்ணே. வைரம் பூரா காபன் அணு. நடுநடுவுல ஒரு காபன் இருக்க வேண்டிய எடத்துல நைதரசன் உக்காந்திருக்கும், அதுக்குப் பக்கத்து எடம் சும்மா கெடக்கும். அந்த ஓட்டையில மாட்டின இலத்திரன்தான் வேலை செய்யுது. பச்சை வெளிச்சம் அடிச்சா அந்த எடம் செவப்பா மின்னும். பக்கத்துல காந்தம் வந்தா அந்தச் செவப்பு மங்கும். எவ்வளவு மங்குதுன்னு அளந்தா, எவ்வளவு சின்னக் காந்தமா இருந்தாலும் கண்டுபிடிச்சிரலாம். ஒரு உயிரணுவுக்குள்ள இருக்குற காந்தத்தைக்கூட."

"உயிருக்குள்ள காந்தமா?"

"கொளத்துச் சேத்துல ஒரு பக்டீரியா இருக்கு. காந்தத் துணுக்கை மணிமணியா கோத்து உடம்புக்குள்ள வச்சிருக்கும். அதை வச்சித் தெசை பாத்து நீந்தும்."

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குத் தெசை தெரியுது. நான் கொழும்புக்கு ஓடினா அஞ்சு பேருகிட்ட வழி கேக்குறேன்."

யோகேஸ்வரி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். "நேற்று என்ன நடந்தது?"

இராஜகுமாரி சொன்னாள். பக்டீரியா வைரத்தோடு அப்படியே ஒட்டி உட்கார வேண்டும். கொஞ்சம் எட்ட இருந்தாலும் சிக்னல் வராது. ஆறு மாதமாக ஜேர்மனியில் முயன்றும் ஒழுங்காக ஒன்று வரவில்லை. தோட்டத்தின் மேல் கணக்குப் பிரிவில் இருந்த குளத்துச் சேற்றில் பக்டீரியா நிறைய இருந்ததால் இங்கேயே செய்து பார்க்க நினைத்தாள். தொரையிடம் அனுமதி வாங்கி, ஆடாத திட்டு இருக்கிற இந்த அறையைப் பிடித்தாள். நேற்றுப் பின்னேரம் ஒரு வெள்ளைக் கோப்பையில் குளத்துத் தண்ணீரை ஊற்றி, அடியில் வைரத் துண்டைப் போட்டு, கோப்பைக்குக் கீழே ஒரு சின்னக் காந்தத்தையும் வைத்தாள். காந்தம் இழுத்தால் பக்டீரியா எல்லாம் கீழே வந்து வைரத்தின் மேல் இறங்கும். மேலே மூடி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

"காலையில எட்டரைக்கு வந்தேன். கோப்பை இல்ல. கழுவிக் கவுத்தாச்சி. காந்தம் மட்டும் அங்கயே இருந்திச்சி."

வெள்ளைத் திட்டின் கடைசி முனையில், பத்து சத நாணயம் அளவில் அந்தக் கறுப்புக் காந்த வட்டம் இருந்தது. யோகேஸ்வரி அதைத் தொடாமல் பார்த்தாள்.

"இந்த அறைத் திறப்பு ஆரிட்ட?"

"எங்கிட்டயும் தொரைகிட்டயும்தான் சாவி இருக்கு." வாசலில் குரல் கேட்டது. காக்கிக் கால்சட்டையும் நீளச் சொக்ஸும் போட்ட, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். "கந்தப்பன். டீமேக்கர்."

ஒத்தமரத்தில் கொழுந்தைத் தேயிலையாக்கும் பொறுப்பு முழுக்க அவருடையது. ஒரு மடக்கு உறிஞ்சினால் எந்த மலைத் தேயிலை, எந்த மாதம் பறித்தது என்று சொல்லிவிடுவார் என்று அந்தப் பக்கத்தில் பேச்சு. செல்லசாமியே ஒரு வினாடி நிமிர்ந்து நின்றான்.

"காலையில ஆறரைக்குக் கதவைத் திறந்தேன்," என்றார் கந்தப்பன். "வழக்கம்போல ருசி பாத்தேன். எழுதினேன். ஏழேகாலுக்குக் கீழ எறங்கிட்டேன். அதுக்கப்பறம் காளியாயி வந்து கழுவினா. வேற யாரும் வரல. நான் சொல்லித்தானா தெரியணும்?"

"திட்டு முனையில இந்தப் பிள்ளையின்ர கோப்பை இருந்ததைக் கண்டீங்களோ?"

"நான் என் வேலையைப் பாத்தேன்." சொல்லிவிட்டு நாக்கால் மேல் அண்ணத்தைத் தடவிக்கொண்டார்.

"கழுவும்போது தவறித் தொட்டியில விழுந்திருக்கலாம் எல்லோ?" என்றாள் யோகேஸ்வரி. "முதல் அதைப் பாப்பம்."

கழுவும் தொட்டியின் வாய்க்காலில் தேயிலைத் தூள் அடைக்காமல் இருக்க ஒரு மெல்லிய துணி கட்டியிருந்தது. காலையில் கட்டினது, அவிழ்க்கவில்லை. இராஜகுமாரி பச்சை லேசரைப் பிடித்தாள். செல்லசாமி சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

துணி முழுக்கச் சிவப்புப் பொட்டுகள்.

"மிஸ், வீட்டுக்குப் போன் பண்ணுங்க. நம்ம பணக்காரங்க ஆயிட்டோம்."

"அது கொழுந்துத் துணுக்கு அண்ணே," என்றாள் இராஜகுமாரி சோர்வாக. "பச்சையம் இருக்குற எதுவும் இப்பிடித்தான் மின்னும்."

"அப்ப இந்த மலை முழுக்க வைரந்தான். வேலிதான் போடல."

யோகேஸ்வரி யோசித்தாள். "பிள்ளை, காந்தம் கிட்ட வந்தா வைரம் மங்கும் எண்டனீர். இலையும் மங்குமோ?"

இராஜகுமாரி நிமிர்ந்தாள். "மங்காது மிஸ்."

"அப்ப ஒவ்வொண்டாக் காந்தத்தைக் காட்டும்."

தேயிலையில் கலந்துவிடும் இரும்புத் துகளை இழுக்க, சலிக்கும் அறையில் ஒரு பெரிய காந்தக் கட்டை இருந்தது. செல்லசாமி அதைத் தூக்கி வந்தான். கமராவில் ஒவ்வொரு பொட்டாகப் பார்த்தார்கள். லப்டொப்பில் வெளிச்சம் நூறு என்று காட்டும். காந்தத்தைக் கிட்டக் கொண்டுவந்தால் வைரம் என்றால் எண் விழ வேண்டும்.

"தொரையைக் கண்ட கங்காணி மாதிரி மொகம் வாடணும், அதானே?" என்றான் செல்லசாமி.

நாற்பத்து மூன்று பொட்டு. ஒன்றுகூட வாடவில்லை.

மணி ஒன்று ஆகிவிட்டது. கந்தப்பன் வாசல் நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொட்டிக்கு வைரம் வரேல்லை," என்றாள் யோகேஸ்வரி. "கழுவ முந்தியே கோப்பையை விட்டுப் போயிட்டுது."

"அதைத்தானே நானும் சொல்றேன். கழுவுறதுக்கு முன்னாடி அவ எடுத்துட்டா. நீங்க அதை விஞ்ஞானமா காட்டிட்டீங்க." கந்தப்பன் கீழே இறங்கிப் போனார்.

இராஜகுமாரி அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "மிஸ், அக்காவைக் காப்பாத்தக் கூப்புட்டேன். இப்ப இன்னும் இறுக்கி விட்டுட்டோம்."

யோகேஸ்வரி படியில் இறங்கி மடுவத்துக்குப் போனாள். வாச்சர் எழுந்து நின்றான். அவள் காளியாயிக்குப் பக்கத்தில், அதே வாங்கில் உட்கார்ந்தாள்.

"அம்மா, இண்டைக்குக் காலமை எத்தினை கோப்பை கழுவினீங்கள்?"

"எட்டு."

"எண்ணினீங்களோ?"

"எண்ணத் தேவையில்லீங்க. கவுக்குற பலகையில நாலு நாலா ரெண்டு வரிசை. அநேகமா ஒரு எடம் சும்மா கெடக்கும். இன்னைக்கு நெறைஞ்சிருந்திச்சி."

"ஐயா ருசி பாக்காத கோப்பையைக் கழுவுவீங்களோ?"

காளியாயி அவளை முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். "பாக்காததைத் தொட்டா ஐயா கொன்னுபுடுவாரு. உறிஞ்சி முடிச்சதைக் கரண்டியால ஒரு தட்டுத் தட்டி முன்னால தள்ளி வப்பாரு. தள்ளி வச்சதைத்தான் எடுப்பேன். பத்தொம்பது வருசமா அப்பிடித்தான்."

"இண்டைக்கு எத்தினை தள்ளி வைச்சிருந்தவர்?"

"அதான் சொன்னேனே. எட்டு."

யோகேஸ்வரி எழுந்தாள். படியேறும்போது செல்லசாமி பின்னாலேயே வந்தான். "மிஸ், இந்தம்மா சொல்றது ஒரு கணக்கு, அந்தய்யா சொல்றது ஒரு கணக்கு. பொலிசு யாரு கணக்கை எடுக்கும்னு எனக்கே தெரியும்."

"அதாலதான் மூண்டாவது கணக்குத் தேடுறன்."

ருசிக் குறிப்புப் புத்தகம் திட்டின் அலுமாரியில் இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம். தேயிலை ரகம் ஏழு, ஏழுக்கும் நிறம், கனம், வாசனை என்று ஒவ்வொரு வரி. இன்றைய பக்கத்திலும் ஏழு வரிதான் இருந்தது.

"பாத்தீங்களா, ஏழு," என்றான் செல்லசாமி.

யோகேஸ்வரி பின்னால் புரட்டினாள். நேற்று, முந்தாநாள், போன கிழமை. பிறகு இன்றைக்கு. மறுபடி நேற்று. பக்கத்தின் மேல் விரலை வைத்துத் தேய்த்து, விரல் நுனியை அவனுக்குக் காட்டினாள். நீலம் ஒட்டியிருந்தது.

"நேற்றுப் பக்கம் காபன் பிரதி. எல்லாப் பக்கமும் காபன் பிரதி. மேல்தாளைக் கிழிச்சு எங்கயோ அனுப்புறவை, கீழ்ப் பிரதி புத்தகத்தில இருக்கு." இன்றைய பக்கத்தைத் தேய்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. "இது மட்டும் நேரா பேனையால எழுதினது."

"அவசரத்துல காபன் வைக்க மறந்திருப்பாரு."

"மறந்தா கீழ்த்தாள் வெறுமையாத்தான் இருக்கும், இது மேல்தாள் போன பிறகு எழுதினது. பிள்ளை, உந்த மேல்தாள் எங்க போறது?"

"தொரை ஒப்பீசுக்கு," என்றாள் இராஜகுமாரி. "காலையில ஏழரைக்குத் தபால்காரரு கொண்டு போயிருவாரு."

யோகேஸ்வரி கைப்பையை எடுத்தாள். "செல்லசாமி, ஆட்டோ."

ஒப்பீஸ் இரண்டு மைல் மேலே. ஆட்டோ முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறியது. பாதி வழியில் கொழுந்து லொறி ஒன்று வழியை அடைத்து நின்றது.

"எறங்கித் தள்ளுறீங்களா மிஸ்?"

"லொறியையோ ஆட்டோவையோ?"

"எது லேசோ அது."

லொறி ஒதுங்கப் பதினைந்து நிமிடம் பிடித்தது. ஒப்பீசில் தொரை இல்லை, சாப்பிடப் போயிருந்தார். கிளாக்கரின் மேசையில் இன்றைய தாள்கள் ஒரு கம்பியில் குத்தியிருந்தன. போன வருடத்து நெருப்புக் கேஸில் யோகேஸ்வரி எழுதிய அறிக்கையால் கிளாக்கருடைய வேலை தப்பியிருந்தது. அவர் கேள்வி கேட்காமல் தாளை உருவிக் கொடுத்தார்.

அவள் வாசித்தாள். இன்னொரு முறை வாசித்தாள். பிறகு கையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது.

"அழுவுறீங்களா மிஸ்?" என்றான் செல்லசாமி பயந்துபோய்.

"ஆட்டோவை எடும்," என்றாள் அவள், சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

தொழிற்சாலைக்குத் திரும்பியபோது இரண்டு இருபது. யோகேஸ்வரி கந்தப்பனை மாடிக்கு அழைத்தாள். அறைக் கதவைச் சாத்தினாள். உள்ளே நான்கு பேர் மட்டும்.

"மிஸ்டர் கந்தப்பன், காலமை எத்தினை கோப்பை ருசி பாத்தீங்கள்?"

"ஏழு. புத்தகத்துல இருக்கு."

யோகேஸ்வரி தாளை விரித்து வாசித்தாள். "எட்டாவது. பேர் இல்லாத கோப்பை. நிறம் நல்லது. கனம் உண்டு. லேசான மண் வாசனை. இறம்பொடைப் பக்கத்துத் தேயிலை. பிந்திய பறிப்பு."

செல்லசாமி வாயைத் திறந்தான். யோகேஸ்வரி அவன் காலை மிதித்தாள்.

கந்தப்பன் திட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொரைக்கு ஒரு பழக்கம் இருக்குங்க. சில நாள் வேற தோட்டத்துத் தேயிலையைக் காய்ச்சி, பேர் போடாம வரிசைக் கடைசியில ஒளிச்சி வப்பாரு. நான் கண்டுபிடிக்கிறேனான்னு பாக்குறதுக்கு. இது வரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. இன்னைக்கும் அப்பிடின்னுதான் நெனச்சேன். ஆறிப்போயிருந்திச்சி. வேணுமின்னு ஆற வச்சிருக்காருன்னு நெனச்சேன். கஷ்டமான சோதனைன்னு கொஞ்சம் கூடுதலா உறிஞ்சினேன்."

"சேத்துத் தண்ணியை," என்றான் செல்லசாமி, காலை எட்ட வைத்துக்கொண்டு.

"எட்டரைக்கு இந்தப் பொண்ணு கோப்பையைத் தேடுறப்பதான் எனக்கு வெளங்கிச்சி. தாள் அதுக்கு முந்தியே போயிருச்சி. புத்தகத்துல இருந்த பிரதியைக் கிழிச்சிட்டு ஏழு எழுதி வச்சேன். தொரை தாளை வாசிக்க ஒரு கெழமை ஆகும், அதுக்குள்ள எப்பிடியாச்சும் எடுத்துரலாம்னு இருந்தேன்."

"காளியாயி அக்கா?" என்றாள் இராஜகுமாரி. குரல் உயரவில்லை. "அக்காவை எடுக்க எத்தனை கெழமை ஆகும்னு நெனச்சீங்க?"

கந்தப்பன் தரையைப் பார்த்தார். "கொளத்துத் தண்ணியை இறம்பொடைத் தேயிலைன்னு எழுதினவன்னு தெரிஞ்சா, நாளைக்கு எவன் என் நாக்கை நம்புவான்?"

"வைரம் எங்க?" என்றாள் யோகேஸ்வரி.

"துப்பியிருப்பேன். நான் விழுங்குறதில்ல. துப்புற வாளியை ரோசாப் பாத்தியில ஊத்திட்டேன்."

எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். கீழே ரோசாச் செடிகள், அவற்றுக்கு நடுவே புல், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலை. எல்லாம் பச்சை. விளக்கைப் பிடித்தால் எல்லாம் சிவப்பாக மின்னும். மணி இரண்டே முக்கால்.

"தாளைக் காட்டினா அக்காவை விட்டுருவாங்கதானே மிஸ்?" என்று கேட்டாள் இராஜகுமாரி.

"இவர் எட்டுக் கோப்பை குடிச்சார் எண்டுதான் தாள் சொல்லும். வைரத்தை அந்த அம்மா எடுக்கேல்லை எண்டு சொல்லாது. பொருள் வேணும் பிள்ளை. பொருள் இல்லாட்டி சந்தேகம் அவவோடயே இருக்கும்."

செல்லசாமி சட்டைப் பையிலிருந்து ஒரு பக்கற் பிஸ்கட்டை எடுத்தான். துக்கமான நேரத்தில் அவனுக்குப் பசிக்கும். ஒன்றைக் கடித்துவிட்டு, மரியாதைக்குக் கந்தப்பனிடம் நீட்டினான்.

"வேணாம்ப்பா. கடிக்க முடியல. மேல் பல்லுச் செட்டு ஒறுத்துது."

"புதுப் பல்லுங்களா?"

"எட்டு வருசம் ஆச்சி. இன்னைக்குத்தான் எதோ குத்துது."

செல்லசாமி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். "இன்னைக்குன்னா எப்ப இருந்துங்கய்யா?"

"காலையில..." கந்தப்பனுடைய கை வாய்க்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"கழட்டுங்கோ," என்றாள் யோகேஸ்வரி.

இருபத்தைந்து வருடம் தேயிலை ருசித்த டீமேக்கர், திரும்பி நின்று, மேல் பல் செட்டைக் கழற்றி ஒரு வெள்ளைக் கோப்பை மூடியில் வைத்தார். இராஜகுமாரி அருவருப்புப் பார்க்காமல் அதை இடுக்கியால் தூக்கிக் கமராவுக்குக் கீழே கவிழ்த்து வைத்தாள். பச்சை வெளிச்சம் விழுந்தது. அண்ணத்தில் பொருந்தும் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் மொத்தமும் மங்கலாக மின்னியது. ஒரு மூலையில் மட்டும் அதைவிடக் கொஞ்சம் பிரகாசமான ஒரு சதுரம்.

"பிளாஸ்டிக்கும் மின்னுதே," என்றான் செல்லசாமி.

"காந்தம் அண்ணே."

அவன் கட்டையைத் தூக்கிக் கிட்டக் கொண்டுபோனான். திரையில் நூறு என்று இருந்த எண் தொண்ணூற்றாறு ஆனது, தொண்ணூறு ஆனது. கட்டையை விலக்கினான். நூறு. மறுபடி கிட்ட. தொண்ணூறு.

"வாடுது மிஸ்," என்றான் மெதுவாக. "அப்பிடியே கங்காணி மாதிரி வாடுது."

யோகேஸ்வரி மூச்சை விட்டாள். "எடும் பிள்ளை அதை. ஐயா பல்லைப் போடட்டும்."

"வேணாம்." இராஜகுமாரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரல்கள் விசைப்பலகையில் ஓடின. படம் பெரிதானது, இன்னும் பெரிதானது. சிவப்பு வெளிக்குள் சின்னச் சின்னக் கறுப்பும் வெள்ளையுமான சோடிப் புள்ளிகள், அரிசி சிந்தினது போல இங்கொன்றும் அங்கொன்றுமாக.

"என்ன உது?"

"பக்டீரியாங்க மிஸ். ஒவ்வொரு சோடியும் ஒரு பக்டீரியாவோட காந்தம். வடக்கு முனை, தெக்கு முனை." அவள் ஒரு சோடியை விரலால் காட்டினாள். "செத்துப்போனாலும் காந்தம் அப்பிடியே இருக்கும். ஆறு மாசமா ஒட்டாம இருந்ததை ஐயாவோட பல்லு எட்டு மணி நேரமா அமுக்கி ஒட்ட வச்சிருக்கு. இப்ப இதைக் கழட்டினா எல்லாம் பெயர்ந்துரும். ரெண்டு மணி நேரமாச்சும் இப்பிடியே படம் எடுக்கணும்."

"ஜேர்மன்காரனுக்கு எழுதுறப்ப மெஷின் பேர் என்னான்னு போடுவீங்க?" என்றான் செல்லசாமி.

அப்போது கீழே ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

கந்தப்பன் வாயைக் கையால் மூடிக்கொண்டு யோகேஸ்வரியைப் பார்த்தார். பல் இல்லாத முகம் திடீரென்று பத்து வயது கூடித் தெரிந்தது. "மிஷ், நீங்க ஷொல்லிருங்க."

"நான் சொன்னா அது என்ர கதை. கோப்பையைக் குடிச்சது நீங்கள்."

"இப்பிடியே எப்பிடிப் போறது?"

"அந்த அம்மா ஆறு மணித்தியாலமா அப்பிடியேதான் இருக்கிறா."

கந்தப்பன் கதவைத் திறந்தார்.

பகல் கொழுந்து நிறுக்கிற நேரம். மடுவத்தில் ஐம்பது அறுபது பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். பொலிஸ் சார்ஜன் ஜீப்பை விட்டு இறங்கி, வாங்கில் இருந்த காளியாயியைப் பார்த்துக் கையால் எழும்பச் சொன்னார். அவள் எழுந்தாள். கந்தப்பன் நடுவில் போய் நின்று சிங்களத்தில் சொன்னார். பல் இல்லாத சிங்களம் சார்ஜனுக்குப் பிடிபடவில்லை.

"மொக்கத கியன்னே?" என்றார் சார்ஜன், என்ன சொல்கிறாய் என்று.

கந்தப்பன் மறுபடி சொன்னார். சார்ஜன் காதைக் கிட்டக் கொண்டுவந்தார். வரிசையில் நின்ற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை அவர் சிங்களத்தை விட்டுவிட்டார். தமிழில், மடுவத்துக் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"காளியாயி எடுக்கல. நான்தான் ஷேத்துத் தண்ணியைத் தேயிலைன்னு குடிச்ஷேன். வைரம் என் பல்லுல இருந்திச்சி. மறைச்சது நான்."

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு மடுவமே சிரித்தது. சார்ஜனுக்கு வாச்சர் மொழிபெயர்த்துச் சொன்னான். அவரும் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு ஜீப்பில் சாய்ந்தார். கந்தப்பன் சிரிப்பு ஓயும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

யோகேஸ்வரி தாளையும் லப்டொப்பில் இருந்த படத்தையும் சார்ஜனுக்குக் காட்டினாள். அவர் புத்தகத்தில் நான்கு வரி எழுதினார். காளியாயியின் பெயரை அடித்தார். தொரைக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று ஜீப்பில் ஒப்பீஸ் பக்கம் ஏறினார்.

காளியாயி சிரிக்கவில்லை. மடித்து வைத்திருந்த, வேலைக்குக் கட்டும் படங்குச் சீலையை எடுத்து இடுப்பில் சுற்றினாள்.

"அம்மா, நீங்கள் எட்டு எண்டு சொன்னதாலதான் எல்லாம் வெளியில வந்தது," என்றாள் யோகேஸ்வரி.

"அந்தக் கோப்பையைக் கையில எடுத்தப்பவே சேத்து நாத்தம் அடிச்சிச்சிங்க. அடியில மண்ணு ஒட்டியிருந்திச்சி. தேயிலை இல்லைன்னு அப்பவே தெரியும்."

யோகேஸ்வரி திகைத்து நின்றாள். "பிறகு ஏன் சொல்லேல்லை?"

"தொரை கேட்டாரு, எடுத்தியான்னு. மலை வேலையைப் பாக்குற கண்டாக்கு ஐயா கேட்டாரு, எங்க ஒளிச்சி வச்சிருக்கன்னு. வாச்சர் மடியை ஒதறச் சொன்னான். நீங்க எத்தனைன்னு கேட்டீங்க, சொன்னேன்." காளியாயி படங்கின் முடிச்சை இறுக்கினாள். "கோப்பையில என்னா இருந்திச்சின்னு ஒருத்தரும் கேக்கலீங்களே."

அவள் லயத்துக்குப் போகும் படியில் இறங்கத் தொடங்கினாள். யோகேஸ்வரி கைப்பையை ஆட்டோ சீட்டில் போட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் படியில் இறங்கினாள்.